முஸ்தபா பெட்டிக்குள் எதை வைப்பது? அசல் போர்டு, பண்டோரா, பை, பழைய பிசி, மிஸ்டர்: ஓர் ஒப்பீடு

அத்தை மகன் கோவையிலிருந்து போன் செய்தான். "மச்சான், ஒரு கேம் பெட்டி வாங்கிட்டேன்." எப்போதோ மூடிய வீடியோ கேம் கடையின் பெட்டி. கடைக்காரர் வீட்டு மொட்டை மாடி அறையில் பதினைந்து வருடமாகத் தூசி குடித்துக்கொண்டு கிடந்ததாம். பிளைவுட் உடம்பு, இரண்டு ஸ்டிக், ஆளுக்கு நான்கு பட்டன், வயிற்றில் ஒரு பழைய சிஆர்டி (கண்ணாடிக் குழாய்) டிவி. ஆட்டத்தை ஓட்டும் போர்டு இருக்க வேண்டிய இடத்தில் பல்லி முட்டை மட்டும். "உள்ள என்ன போடலாம், சொல்லு" என்றான்.

இதே கேள்வி வேறு இரண்டு மூன்று பேரிடமிருந்தும் வந்துவிட்டது. ஒருவர் மரப்பெட்டியை ஆசாரியிடம் கொடுத்துச் செய்துவிட்டு உள்ளே என்ன வைப்பது என்று தெரியாமல் நிற்கிறார், இன்னொருவர் வெளிநாட்டில் ஆர்கேட்1அப் என்ற வீட்டுக்கான கேம் பெட்டி வாங்கி அதில் இருக்கும் நாலு ஆட்டமும் அலுத்துப்போய் உட்கார்ந்திருக்கிறார். சரி, ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

## முதலில் எதை வைத்து எடை போடுவது

எல்லோரும் "எத்தனை ஆட்டம் வரும்?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள். ஒரு தாளில் நீங்கள் உண்மையிலேயே திரும்பத் திரும்ப ஆடப்போகும் ஐந்து ஆட்டங்களை எழுதுங்கள், ஐந்துக்கு மேல் வேண்டாம். என் பட்டியல் இது: முஸ்தபா, கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் 97, ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2, மெட்டல் ஸ்லக், பேக்மேன்.

முஸ்தபா என்றால் கேப்காம் 1993-இல் வெளியிட்ட கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ். அந்தப் பெயரை நம் ஊரில் யாரும் சொன்னதில்லை. நாலு பேரில் வேகமாக ஓடுகிறவன் முஸ்தபா, அவனைப் பிடிக்கத்தான் அடிதடி, அதனால் ஆட்டமே முஸ்தபா ஆகிவிட்டது. இந்த ஆட்டம் எந்த வீட்டுக் கன்சோலுக்கும் வந்ததே இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், கடைப் பெட்டியின் ஆர்கேட் பதிப்பு ஒன்றுதான் வழி.

பட்டியல் கையில் இருந்தால் மற்ற அளவுகோல்கள் தானாக வரும்:

- தாமதம். பட்டனை அழுத்தியதற்கும் திரையில் உதை விழுவதற்கும் இடையில் எவ்வளவு நேரம். ஒரு ஃபிரேம், அதாவது திரையில் ஒரு படம் நிற்கும் நேரம், சுமார் 16.7 மில்லி செகண்ட். ஒன்றிரண்டு ஃபிரேம் தள்ளிப்போனால் முஸ்தபாவில் தெரியாது, ஸ்ட்ரீட் ஃபைட்டரில் தெரியும்.
- சுவிட்சை அணைத்தால் என்ன ஆகும். கேம் பெட்டியை யாரும் முறைப்படி ஷட்டவுன் செய்வதில்லை, பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போவார்கள். கரண்ட் போவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.
- வீட்டில் மற்றவர்களால் இயக்க முடியுமா. நீங்கள் இல்லாதபோது எட்டு வயதுப் பிள்ளை சுவிட்ச் போட்டால் ஆட்டம் வர வேண்டும்.
- மறைந்த செலவு. பணம் மட்டுமில்லை, ஞாயிற்றுக்கிழமைகளும் செலவுதான்.
- ஐந்து வருடம் கழித்துப் பழுதானால் என்ன செய்வது.

## அசல் போர்டு

இதைத்தான் எல்லோரும் கனவு காண்கிறார்கள். 1980-களின் நடுவில் ஜப்பானில் ஜாமா என்ற பொது இணைப்பு முறை வந்தது. போர்டின் ஓரத்தில் 56 பின், அதில் வயர் கட்டைச் செருகினால் பவர், படம், ஒலி, ஸ்டிக் எல்லாம் ஒரே இணைப்பில் கிடைத்துவிடும். ஆட்டம் மாற்ற வேண்டுமா? போர்டை உருவி வேறொன்றைச் செருக வேண்டியதுதான். கடைக்காரர் அண்ணன் ஒரே இரவில் பெட்டியின் ஆட்டத்தை மாற்றியது இப்படித்தான்.

தாமதம் என்ற பேச்சே இல்லை, இதுதான் அசல். ஆனால் ஒரு போர்டுக்கு ஒரு ஆட்டம். ஜாமாவில் இரண்டு ஆட்டக்காரர்களுக்குத்தான் பின் இருக்கிறது, பட்டனும் ஆளுக்கு மூன்றுதான் உத்தரவாதம். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-க்கு ஆறு பட்டன் என்பதால் மூன்று உதைகளுக்கும் தனி வயர் கட்டு வேண்டும். முஸ்தபாவை மூன்று பேர் சேர்ந்து ஆட வேண்டுமென்றால் அந்த மூன்றாவது ஆளுக்கும் தனி வயர்.

அப்புறம் பேட்டரி. கேப்காம் தன் சிபிஎஸ் 2 என்ற வகைப் போர்டுகளில், பூட்டி வைத்த ஆட்டத்தைத் திறக்கும் மறையாக்கச் சாவியை ஒரு சின்ன பேட்டரியின் தயவில் வைத்திருந்தது. பேட்டரி செத்தால் சாவி அழியும், போர்டும் செத்துவிடும். இப்போது உயிர்ப்பிக்க வழி கண்டுபிடித்துவிட்டார்கள், ஆனால் சோல்டர் பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். முஸ்தபாவின் போர்டிலும் ஒலிப் பகுதிக்கு இப்படி ஒரு பேட்டரி உண்டு. வாங்கப் போகும்போது "வேலை செய்யுது சார்" என்பதை நம்பாமல், ஆட்டம் ஓடுவதையும் ஒலி வருவதையும் நேரில் பாருங்கள். நகல் போர்டுகளும் நிறைய. 5 வோல்ட் என்பதைப் பவர் சப்ளையில் அளக்காமல் போர்டின் முனையில் அளங்கள், மெல்லிசான பழைய வயர் கொஞ்சத்தைத் தின்றுவிட்டு ஆட்டம் தானாக ரீசெட் ஆகும், நீங்கள் போர்டைச் சந்தேகப்பட்டு ஒரு மாதம் அலைவீர்கள். நான் அலைந்தேன்.

பட்டியலில் ஒரே ஒரு ஆட்டம் இருப்பவருக்கு இது சரி. இல்லையென்றால் எஸ்என்கேயின் நியோ ஜியோ எம்விஎஸ் பக்கம் போகலாம். அது கேசட் முறை, ஆறு கேசட் வரை போடும் போர்டுகள்கூட உண்டு, கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் 97-ம் மெட்டல் ஸ்லக்கும் அங்கேதான் பிறந்தன.

## பண்டோரா பாக்ஸ்

சீனாவிலிருந்து வரும், ஆயிரக்கணக்கில் ஆட்டம் நிரப்பிய போர்டு. ஜாமா பின் உள்ள வகையை வாங்கினால் பழைய பெட்டியின் வயரிங்கை மாற்றவே வேண்டாம், அரை மணி நேர வேலை. பிளக்கைப் பிடுங்கினாலும் ஒன்றும் ஆகாது. மெனு எளிது. பாட்டிகூட இயக்கிவிடுவார்.

ஆனால் அந்த ஆயிரத்தில் பாதி ஒரே ஆட்டத்தின் வெவ்வேறு வடிவங்கள், குண்டு தீராத ஹேக், ஜப்பானியப் பதிப்பு, சீனப் பதிப்பு என்று கணக்குக் காட்டுவார்கள். சில ஆட்டங்களில் ஒலி கரகரக்கும், படம் வழவழவென்று மெழுகியது போல இருக்கும், எதையும் உள்ளே போய்த் திருத்த முடியாது. எதிர்காலப் பழுது என்று ஒன்று கிடையாது, போனால் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று. அந்த ஆட்டங்கள் எதற்கும் உரிமம் வாங்கியிருக்க மாட்டார்கள் என்பதும் தெரிந்த விஷயம். இதைவிட அதிகமாகச் சொல்ல இதில் ஒன்றுமில்லை.

## ராஸ்பெரி பை

இங்கேதான் பெரும்பாலானவர்கள் வந்து நிற்பார்கள். உள்ளங்கை அளவுக் கணினி, ஒரு எஸ்டி கார்டு, அதில் ரெட்ரோபை அல்லது பட்டோசெரா அல்லது ரீகால்பாக்ஸ் என்ற, பழைய ஆட்டங்களை ஓட்டும் மென்பொருள் தொகுப்பு. ஸ்டிக்கையும் பட்டன்களையும் யுஎஸ்பி என்கோடர் என்ற சின்னப் பலகை வழியாக இணைக்க வேண்டும். பை 4 இருந்தாலே மேலே சொன்ன ஐந்து ஆட்டமும் ஓடும், பை 5 இருந்தால் இன்னும் தாராளம். பை 5-இல் நேரடியாகப் போட பட்டோசெராவோ ரீகால்பாக்ஸோ சுலபம்.

பலகையின் விலையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். பை 5-க்கு நிறுவனம் சொல்வது 5 வோல்ட் 5 ஆம்பியர் சப்ளை. மேசையில் கிடக்கும் போன் சார்ஜரைச் செருகினால் கரண்ட் போதவில்லை என்று மின்னல் குறி வந்து பாட்டு திக்கும். ஃபேன் வேண்டும், நல்ல கார்டு வேண்டும், என்கோடர் வேண்டும், ஒலிக்கு ஒரு ஆம்ப் வேண்டும். கூட்டிப் பார்த்தால் பலகையின் விலைக்கு மேல் இன்னொரு பங்கு போய்விடும்.

பெரிய தலைவலி கார்டுதான். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கார்டிலுள்ள ஃபைல் முறை கெட்டு மறுநாள் பெட்டி எழவே எழாது. எனக்கு ஒரு கோடையில் இரண்டு தடவை நடந்தது. ஷட்டவுன் பட்டன் ஒன்று வயர் செய்து வைத்தேன், வீட்டில் யாரும் அதைத் தொடவில்லை. ஒழுங்காக வேலை செய்யும் கார்டை அப்படியே நகலெடுத்துப் பெட்டிக்குள்ளேயே டேப் போட்டு ஒட்டி வைப்பதுதான் உருப்படியான வழி.

அடுத்த தலைவலி ரோம், அதாவது ஆட்டக் கோப்பின் பதிப்பு. 1997-இல் நிகோலா சல்மோரியா தொடங்கிய மேம் எமுலேட்டர் (பழைய போர்டு போல நடிக்கும் மென்பொருள்) வளர வளர, ஆட்டக் கோப்புகளின் அமைப்பும் மாறிக்கொண்டே வந்தது. பையில் பலரும் பயன்படுத்தும் மேம் 2003 என்பது 0.78 பதிப்பு, அதற்கு 0.78-க்கான கோப்புதான் வேண்டும். புதிய கோப்பைப் போட்டால் கறுப்புத் திரை வந்து திரும்ப மெனுவுக்குப் போய்விடும், ஏன் என்று சொல்லாது. "ஒண்ணுமே ஓடலை" என்று வரும் போன்களில் முக்கால்வாசி இதுதான்.

## பழைய ஆபீஸ் பிசி

அதிகம் பேர் யோசிக்காத தேர்வு, என் ஓட்டு பெரும்பாலும் இதற்குத்தான். ஆபீஸ்களிலிருந்து கழித்துக் கட்டிய, நாலாம் தலைமுறை ஐ5 போட்ட சின்ன டெஸ்க்டாப்கள் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடங்களில் செகண்ட் ஹேண்டாகக் கிடைக்கும். 90-களின் 2டி ஆட்டங்களுக்கு அது தேவைக்கு மேல். பென் டிரைவில் பட்டோசெராவைப் போட்டுச் செருகினால் அதிலிருந்தே எழுந்துவிடும், ஹார்டு டிஸ்க்கைத் தொட வேண்டாம். சப்ளை, ஃபேன், ஒலி வெளியீடு எல்லாம் ஏற்கனவே உள்ளே இருக்கிறது, தனித்தனியாக வாங்க ஒன்றுமில்லை.

ஒரு சூட்சுமம்: பிசி எழும்போதே திறக்கும் பயாஸ் என்ற அமைப்புத் திரைக்குள் போனால் கரண்ட் வந்ததும் என்ன செய்ய வேண்டும் என்று ஓர் அமைப்பு இருக்கும். அதை "பவர் ஆன்" என்று வைத்துவிட்டால் சுவரில் சுவிட்ச் போட்டதும் பெட்டி தானாக எழும். பவர் பட்டனைத் தேடி முதுகுப் பலகையைக் கழற்ற வேண்டியதில்லை.

பிசியில் வேகம் மிச்சம் இருப்பதால் எமுலேட்டர்களை ஓட்டும் ரெட்ரோஆர்க் மென்பொருளில் ரன்-அஹெட் என்ற வசதியையும் போடலாம். எமுலேட்டர் ஆட்டத்தைச் சில ஃபிரேம் முன்கூட்டியே ஓட்டிப் பார்த்து, ஆட்டத்துக்குள்ளேயே இருக்கும் தாமதத்தை வெட்டிவிடும். மெட்டல் ஸ்லக் 2 ஆடியவர்களுக்கு இன்னொரு லாபம். 1998-இல் வந்த அந்த ஆட்டம் திரையில் கூட்டம் சேர்ந்தால் தேர் மாதிரி நகரும், எஸ்என்கே மறு வருடம் மெட்டல் ஸ்லக் எக்ஸ் விட்டுத்தான் அதைச் சரிசெய்தது. எமுலேட்டரில் உள் வேகத்தை ஏற்றினால் 2-வது பாகமே சரளமாக ஓடும். சிலர் அந்த மெதுவும் ஆட்டத்தின் ஒரு பகுதி என்பார்கள். எனக்கு அப்படியில்லை.

குறை: இடம் அடைக்கும், ஃபேன் சத்தம், பையைவிடப் பல மடங்கு கரண்ட். பழைய பிசியின் பழைய சப்ளை எப்போது புகையும் என்று சொல்ல முடியாது, ஆனால் எந்தத் தெருவிலும் மாற்றிக் கொடுப்பார்கள். பிளக் பிடுங்குவதால் கோப்புகள் கெடும் ஆபத்து இதிலும் உண்டு, ஷட்டவுனை ஒரு பட்டனுக்கு வைத்துவிடுங்கள்.

## மிஸ்டர் எஃப்பிஜிஏ

எமுலேட்டர் என்பது பழைய சிப் செய்ததை மென்பொருளால் நடித்துக் காட்டுவது. எஃப்பிஜிஏ என்பது உள்ளே இருக்கும் மின்சுற்றையே வேண்டியபடி மாற்றி அமைக்கக்கூடிய சிப். அலெக்ஸி மெல்னிகோவ் தொடங்கிய மிஸ்டர் திட்டம், டிஇ10-நானோ என்ற போர்டில் பழைய இயந்திரங்களின் சுற்றுகளை மறுபடி கட்டுகிறது. கேப்காமின் சிபிஎஸ் 1, 1.5, 2 மூன்றுக்கும் ஹோசே தெஹாதா எழுதிய கோர்கள் (சுற்றின் வரைவுகள்) இருக்கின்றன, முஸ்தபா அந்த 1.5 வகை, அதனால் அதுவும் உண்டு. பிளக்கைப் பிடுங்கினாலும் பொதுவாகப் பொறுத்துக்கொள்ளும்.

இதன் அருமை சிஆர்டியோடு சேரும்போதுதான் தெரியும். பழைய ஆட்டங்கள் எல்லாம் சரியாக 60 ஹெர்ட்ஸில், அதாவது வினாடிக்கு 60 படமாக, ஓடியவை அல்ல: பேக்மேன் சுமார் 60.6, சிபிஎஸ் 1 சுமார் 59.6, மார்ட்டல் காம்பாட் 54.7. சாதாரண எல்சிடியில் 54.7-ஐ 60-க்குள் திணித்தால் நகர்வு திக்கும். மிஸ்டர் சிஆர்டிக்கு அந்தந்த ஆட்டத்தின் அதே வேகத்திலேயே படம் அனுப்பும்.

செலவுதான் படியேறும். டிஇ10-நானோ மட்டும் போதாது, ராம் பலகை வேண்டும், மிகப் பெரிய நியோ ஜியோ ஆட்டங்களுக்கு 128 எம்பி வேண்டும், சிஆர்டிக்கு அனலாக் பலகை, யுஎஸ்பி ஹப். 2024-இல் மிஸ்டர் பை என்ற மலிவு போர்டு சுமார் 100 டாலருக்கு வந்தது நல்ல செய்தி, ஆனால் அனுப்பும் செலவும் சுங்கமும் சேர்ந்தால் நம்மூரில் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. டெக்கன் 3-இன் ஆர்கேட் பதிப்பைக் கேட்காதீர்கள், பிளேஸ்டேஷன் பதிப்புதான் ஓடும். எல்சிடி போட்ட பெட்டிக்கு இதை வாங்குவது பட்டு வேட்டி கட்டிக்கொண்டு வயலில் இறங்குவது மாதிரி.

## ஒரு பார்வையில்

| தேர்வு | தாமதம் | பிளக்கைப் பிடுங்கினால் | மறைந்த செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| அசல் போர்டு | இல்லை | ஒன்றும் ஆகாது | பேட்டரி, கூடுதல் வயர் கட்டு, பழுது | ஒரே ஆட்டம் போதும் என்பவர் |
| பண்டோரா | சுமார் | ஒன்றும் ஆகாது | திருத்த முடியாது, உரிமமில்லா ஆட்டங்கள் | ஜாமா வயரிங் உள்ள பெட்டி, பொறுமை இல்லாதவர் |
| பை | நடுத்தரம் | கார்டு கெடலாம் | சப்ளை, ஃபேன், ரோம் பதிப்புச் சண்டை | இடம் குறைந்த சின்னப் பெட்டி |
| பழைய பிசி | அமைத்தால் மிகக் குறைவு | பெரும்பாலும் தப்பும் | இடம், சத்தம், கரண்ட் | பெரிய பெட்டி, பல வகை ஆட்டம் |
| மிஸ்டர் | மிகக் குறைவு | பொறுத்துக்கொள்ளும் | ராம், பலகைகள், சுங்கம் | சிஆர்டி வைத்திருப்பவர் |

## ஆனால் பணம் முதலில் போக வேண்டிய இடம் இதுவல்ல

மேலே இவ்வளவு எழுதிவிட்டு இதைச் சொல்வது அநியாயம்தான். பெட்டிக்குள் என்ன ஓடுகிறது என்பதைவிடக் கையில் என்ன இருக்கிறது, கண்ணுக்கு எதிரே என்ன இருக்கிறது என்பதுதான் ஆட்டம்.

ஸ்டிக். பேக்மேனுக்கு நான்கு திசை ஸ்டிக் வேண்டும். எட்டுத் திசை ஸ்டிக்கில் திருப்பத்தில் மூலைக்குச் சாய்ந்துவிட்டால் இரண்டு திசையும் ஒன்றாக அழுந்தும், பேக்மேன் திரும்பாமல் நேரே பேயின் வாயில் போய் விழுவான். சண்டை ஆட்டத்துக்கு எட்டுத் திசைதான் வேண்டும். ஜப்பானின் சான்வா நிறுவனம் செய்யும் ஜேஎல்எஃப் மாதிரி ஸ்டிக்கில் அடியில் உள்ள தட்டை மாற்றிப் போட்டு இரண்டுக்கும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஒவ்வொரு தடவையும் பலகையைத் திறக்க வேண்டும்.

இதில் எல்லோரும் விழும் குழி ஒன்று: சான்வாவின் 30 மில்லிமீட்டர் அழுத்திப் பொருத்தும் பட்டன்கள் மெல்லிய உலோகத் தகட்டுக்காகச் செய்தவை. நம்மூர்ப் பெட்டிகளின் மேல் பலகை 18 மில்லிமீட்டர் பிளைவுட், அதில் அந்தப் பட்டனின் காது பிடிக்கவே பிடிக்காது, ஸ்டிக்கின் தண்டும் வெளியே குட்டையாக நிற்கும். மரத்துக்கு நீள மறை உள்ள அமெரிக்க வகைப் பட்டன்தான், அதன் துளை சுமார் 28.6 மில்லிமீட்டர். இல்லையென்றால் அடியில் குடைய வேண்டும். வயர் முனைகூட வேறு: சான்வாவுக்கு 2.8, மற்றதற்குப் பெரும்பாலும் 4.8. பட்டன் வாங்கும் முன் பலகையின் தடிமனை அளந்துவிடுங்கள். பழைய ஸ்டிக்கின் உடம்பு நன்றாக இருந்தால் மைக்ரோசுவிட்ச் நான்கை மட்டும் மாற்றினால் போதும், டீக்காசு.

திரை. சிஆர்டி வேலை செய்தால் விட்டுவிடாதீர்கள், இன்றைக்குக் காயலான் கடையில் போட்டால் நாளைக்குத் தேடினாலும் கிடைக்காது. ஆனால் பழுது பார்க்கிறேன் என்று பின் மூடியைக் கழற்றிக் கைவிடாதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் குழாயில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும், தெரிந்த டிவி மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

எல்சிடிதான் என்றால் அகலத்திரையின் அங்குலக் கணக்கு ஏமாற்றும். 24 அங்குல அகலத்திரையில் பழைய 4:3 படம் 19.6 அங்குலம்தான் வரும். பேக்மேன் நெட்டையான படம், அதே திரையில் 14.7 அங்குலத்துக்குச் சுருங்கிவிடும். ஆபீஸ்கள் கழித்த 20 அங்குல 4:3 மானிட்டர், 1600க்கு 1200 புள்ளி கொண்டது கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள், 240 வரிப் படம் சரியாக ஐந்து மடங்காகப் பெருகி உட்காரும். டிவி வைத்தால் கேம் மோடைப் போட மறக்காதீர்கள். அதைப் போடாமல் விட்டால் டிவி தன் அழகுபடுத்தும் வேலைகளுக்கே பல ஃபிரேம் எடுத்துக்கொள்ளும், போர்டுக்குக் கொட்டிய காசு அத்தனையும் அங்கே போய்விடும்.

## கோவைப் பெட்டி

அத்தை மகனின் டிவியைத் தெரு மெக்கானிக் ஒருவர் பார்த்து, குழாய் மங்கிவிட்டது, வேண்டாம் என்றார். சிஆர்டி போனதும் மிஸ்டரும் பட்டியலிலிருந்து போனது. பெட்டி பெரிது, இடத்துக்குப் பஞ்சமில்லை, பையனுக்கு முஸ்தபாவும் வேண்டும், டெக்கன் 3-ம் வேண்டும். அதனால் பழைய பிசி, 4:3 மானிட்டர், பட்டன் எல்லாம் புதிது, ஸ்டிக்குக்கு மைக்ரோசுவிட்ச் மட்டும். பண்டோரா வாங்கி ஒரே நாளில் முடித்திருக்கலாம் என்று முதல் இரண்டு வாரம் புலம்பினான், ரோம் பதிப்பு விஷயத்தில் அவனும் மாட்டினான்.

நேற்று மறுபடி போன். "மச்சான், மூணாவது ஸ்டிக்குக்கு நடுவுல துளை போட்டுடவா? பலகை வீணாப் போயிடுமோ?"

போடு என்றேன். சின்ன வயதில் எங்கள் மூன்று பேரிடமும் சேர்த்து ஒரு ரூபாய் காயின் இரண்டுதான் இருக்கும், எப்போதும் ஒருவன் பின்னால் நின்று வேடிக்கை பார்ப்பான்.


"நீ தானே மச்சான் நிப்பே" என்றான்.